பரீதா வீட்டுத் தரையில் சுண்ணாம்புக் கோடு

கல்முனையில் இறங்க வேண்டிய நான் திருக்கோவிலில்தான் கண் விழித்தேன். நடத்துநர் இருக்கையின் முதுகைத் தட்டி, "மிஸ், நீங்க கல்முனையெண்டுதானே சென்னீங்க? அது எப்பவோ போயிட்டு" என்றார். ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன். "நல்ல நித்திர. பாவமெண்டு உட்டுட்டன்" என்று பதில் வந்தது. எங்கள் ஊர் நடத்துநராக இருந்தால் தூங்கியதற்கு எனக்குத்தான் திட்டு விழுந்திருக்கும். இவர் இரக்கப்பட்டே என்னை நாலைந்து ஊர் தள்ளிக் கொண்டுவந்து விட்டிருந்தார். கோபப்படவும் வழியில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

திரும்பி வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. விடிந்துகொண்டிருந்தது. ஓர் ஊரில் கோபுரம், அடுத்த ஊரில் மினாரா, மறுபடி கோபுரம் என்று மாறி மாறி வந்தன. காரைதீவில் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் ஏறினார்கள். சாய்ந்தமருதில் மீன் வாளியோடு ஒருவர் ஏறி, வாளியை என் காலருகே பத்திரமாக வைத்துவிட்டு வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார். கல்முனை வரைக்கும் அந்த வாளிக்கு நான்தான் காவல்.

திருப்பூரில் சாயப்பட்டறைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் தொட்டிகளை வடிவமைத்துக் கட்டிக் கொடுப்பது என் தொழில். என் அண்ணன்மார் என்னைச் 'சாக்கடை இன்ஜினியர்' என்றுதான் சொல்வார்கள், அதில் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குத் தெற்கே, கடற்கரைச் சாலைக்கும் வயலுக்கும் நடுவில், போர்க்காலத்தில் ராணுவம் போட்ட ஒரு முகாம் இருந்தது. இப்போது காலி செய்துவிட்டார்கள். அந்த இடத்தில் கைத்தொழில் பேட்டை வரப்போகிறது. மருதமுனை நெசவுக்காரர்களுக்குத் தறிக்கூடங்கள், தையல் கூடம், நூலுக்குச் சாயம் போட ஒரு கூடம். சாயம் போட்ட தண்ணீர் எங்கே போகும், எந்த இடத்தில் சுத்தமாகும் என்று வரைந்து கொடுக்க என்னை அழைத்திருந்தார்கள்.

பேட்டை வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் நஸீர் பஸ் நிலையத்தில் காத்திருந்தார். முப்பது வயதிருக்கும், சாய்ந்தமருதுக்காரர், நடக்கும்போதே போனில் மூன்று பேரைச் சமாளிப்பவர். நேராக முகாமுக்குப் போகலாம் என்றேன். "பசியோட வேலயப் பத்திக் கதைக்க ஏலா மிஸ்" என்று ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் தள்ளிக்கொண்டு போனார். புட்டு, பால் சொதி, மீன் குழம்பு, மாசிக் கருவாடு இடித்துப் போட்ட சம்பல். காலை ஏழு மணிக்கு மீன் குழம்பு சாப்பிடுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இரண்டாம் முறை குழம்பு கேட்டேன், நஸீர் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார்.

முகாமில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. சாலை ஓரம் ஒரு காவல் மேடை, கிழிந்த மணல் மூட்டைகளில் முளைத்த புல், சுருள் சுருளாகக் கழற்றி வைத்த முள்கம்பி, மேட்டில் ஹெலிகாப்டர் இறங்கப் போட்ட கான்கிரீட் தளம். சாவியைக் கொடுக்க நின்றிருந்த கடைசிச் சிப்பாய், கீழ்ப்பக்கத்து மூலையைக் காட்டி நஸீரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன். "அந்த வீட்டுலதான் சமையல் வேல பாத்தாராம். அந்தக் கிணத்துத் தண்ணி மாதிரி இவர்ட ஊர்லயும் இல்லியாம்" என்று நஸீர் மொழிபெயர்த்தார். சிப்பாய் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அந்த மூலைதான் இடத்திலேயே தாழ்வானது. தண்ணீர் தானாக ஓடி வந்து சேரும், மோட்டார் வேண்டாம், கரண்ட் செலவு இல்லை. எனக்குக் கண்டவுடன் பிடித்துவிட்டது. ஒரே தொந்தரவு அந்த வீடு. கூரை இல்லை, ஜன்னல் இல்லை, சுவரெல்லாம் சமையல் புகையில் கறுத்திருந்தது. ஆனால் உயர்த்திக் கட்டிய அடித்தளமும் சிவப்புச் சிமெண்டுத் தரையும் ஒரு விரிசல் இல்லாமல் கிடந்தன.

முகாமுக்குள் அகப்பட்ட காணிகளுக்கு அரசாங்கத்தில் ஒரு விதி வைத்திருந்தார்கள். பேட்டைக்கு வேண்டாத இடம் சொந்தக்காரருக்கே திரும்பிப் போகும். பேட்டைக்கு வேண்டும் என்றால் அவர் சம்மதத்தோடு எடுத்துக்கொண்டு வேறு இடம் கொடுப்பார்கள். ஆகவே தொட்டி எங்கே வருகிறது என்று நான் போடும் கோடுதான் அந்த வீட்டின் தலையெழுத்து. அன்றைக்கு எனக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை.

மறுநாள் நஸீர் கச்சேரிக்குப் போய்விட்டார். கச்சேரி என்றால் அங்கே அரசாங்க அலுவலகம், நான் முதலில் பாட்டுக் கச்சேரி என்றே நினைத்தேன். தனியாக அளந்துகொண்டிருந்தபோது, வயல் பக்கமிருந்து டிராக்டரில் ஒருவர் வந்து இறங்கினார். சாரம் என்று அங்கே சொல்லும் லுங்கி கட்டி, தொப்பி போட்ட, கிட்டத்தட்ட அறுபது வயதான மனிதர். பெயர் இப்றாஹீம். "இது எங்கட வீடுதான்" என்று சிரித்தார். நல்லதாகப் போயிற்று என்று நான் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். இங்கே தொட்டி வரும், வயலுக்குச் சாயத்தண்ணீர் போகாது, உங்களுக்கு மேட்டில் வேறு இடம் தருவார்கள், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன்.

"ஓம் மிஸ். நல்ல விசயந்தானே" என்றார். எனக்கு ஓர் இளநீரும் வெட்டிக் கொடுத்தார்.

வேலை இவ்வளவு சுளுவாக முடிந்ததில் எனக்கு ஒரே உற்சாகம். எங்கள் ஊரில் ஒரு தொட்டிக்கு இடம் கேட்டால் நாலு பங்காளி, இரண்டு வக்கீல், ஒரு பஞ்சாயத்துத் தலைவர் என்று ஆறு மாதம் இழுக்கும். அன்று மாலையே வேலையாட்களை வைத்து, தொட்டியின் எல்லையை வீட்டுத் தரைக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கோடாகப் போட்டுவிட்டேன். இரவு அறைக்கு நஸீர் அனுப்பிய எருமைத் தயிரும் கித்துள் பாணியும் வந்தன. பனங்கருப்பட்டிப் பாகை விட ஒரு படி மேல் என்று சொல்ல எனக்கு ஊர்ப்பாசம் இடம் கொடுக்கவில்லை, ஆனால் சட்டியை வழித்துத் தின்றேன்.

அடுத்த நாள் காலை போனபோது ஒரு பெண் அந்தத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்து ஊற்றி, ஈர்க்கு விளக்குமாற்றால் என் கோட்டைத் தேய்த்துத் தேய்த்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முக்காட்டைச் சரி செய்தார், விளக்குமாற்றைக் கீழே வைக்கவில்லை.

"ஆரக் கேட்டு இதில கோடு போட்டீங்க?"

"உங்க வீட்டுக்காரரைத்தானுங்க. இப்றாஹீம் ஐயாவை. சரின்னு சொன்னாரே."

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "அவரு இந்த வீட்டுக்கு வந்த மாப்பிள, மிஸ். இது என்ட உம்மா எனக்குத் தந்த வீடு. அவர்ட்டக் கேட்டா அவரு என்ன செல்லுவாரு?"

அவர்தான் பரீதா. அந்தக் கரையில் வீடும் மனையும் பெண்ணுக்குத்தான். உம்மா மகளுக்குக் கொடுப்பார், மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள். கல்யாணமாகி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேற வேண்டும். அங்கிருக்கும் தமிழர்களிடமும் இதே வழக்கம்தானாம். இது தெரியாமல் நான் மாப்பிள்ளையைக் கேட்டு மாமியார் வீட்டை இடிக்கக் கோடு போட்டிருந்தேன்.

நஸீர் வந்து விழுந்து விழுந்து சிரித்தார். "ஆம்புளயிட்டப் போய் வீட்டக் கேட்டீங்களா? எனக்கு போன்ல ஒரு கோல் எடுத்திருக்கலாமே மிஸ்." இதற்குள் டிராக்டர் வந்துவிட்டது. நான் இப்றாஹீமைப் பிடித்துக்கொண்டேன். நேற்று ஏன் ஓம் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் கலங்கவே இல்லை. "வயலுக்குச் சாயத் தண்ணி வராதெண்டு சென்னீங்க. நல்ல விசயமெண்டு சென்னன். இடம் தாறன் எண்டா சென்னன்? இது என்ட இடமா, நான் தாறதுக்கு?" என்றார். பரீதா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் டிராக்டரில் ஏதோ பழுது பார்ப்பதைப் போல அந்தப் பக்கம் குனிந்துகொண்டார்.

எனக்கு எரிச்சல்தான். தொட்டிக்கு அந்த மூலையை விட்டால் வேறு நல்ல இடம் இல்லை. மேட்டில் இதைவிடப் பெரிய மனை கிடைக்கும், புது வீடு கட்டிக்கொள்ளலாமே என்று பரீதாவிடம் எடுத்துச் சொன்னேன். அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, "பகலைக்கு வீட்ட வாங்க, திண்டுட்டுக் கதைப்பம்" என்றார். இந்த ஊரில் எதற்கும் முதலில் சோறு போட்டுவிடுகிறார்கள்.

'வீடு' என்று அவர் சொன்னது அவருடைய தங்கை வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகள். பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து நடுவில் வைத்தார்கள். சஹன் என்று பெயர், சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே சாப்பிட வேண்டும். நான் எச்சில், பத்து என்று வளர்க்கப்பட்டவள், முதல் கவளத்துக்குக் கொஞ்சம் தயங்கினேன். பரீதாவின் மகள் ஷிப்னா தன் பக்கத்திலிருந்த மீனில் முள் எடுத்து, சதையை மட்டும் என் பக்கமாகத் தள்ளி வைத்தாள். அதற்குப் பிறகு தயக்கம் எங்கே போனது என்று தெரியவில்லை.

சாப்பிட்டுக்கொண்டே பரீதா சொன்னார். "கலியாணம் முடிச்சு அந்த வீட்டுல நான் ஒழுங்கா இரிக்கவே இல்ல மிஸ். ஆமி வந்திட்டு. ஒரு பொட்டி உடுப்போட தங்கச்சிட வீட்டுக்கு வந்தன். தங்கச்சி நல்லவ, ஒரு நாளும் ஒரு சொல்லு செல்லல்ல. ஆனா வீடு அவட. இவள் இஞ்சதான் பொறந்தாள், இஞ்சதான் வளந்தாள். இவளுக்குப் பேசி முடிச்ச மாப்பிளட ஆக்கள் வீடு எங்கயெண்டு கேக்குறாங்க. நான் எதக் காட்டுறது?"

"மேட்டுல புது இடத்தைக் காட்டலாமே" என்றேன், விடாமல்.

"காட்டலாம். அது கவர்மெண்ட் தந்த இடம். இது என்ட உம்மா தந்த வீடு. உம்மா நிண்டு நிண்டு தரைக்குச் சிவப்புப் போட்டவ. நான் இரிக்காட்டியும் இவள் அதில இரிக்கட்டும்."

ஷிப்னா தையல் படித்தவள். பேட்டையில் தையல் கூடம் வந்தால் அதில் மெஷின் போட இடம் கேட்டு வைத்திருக்கிறாள். "கூடத்துல இருந்து வீட்டுக்கு நடந்து வந்து சோறு திங்கலாம் மிஸ்" என்று மட்டும் சொன்னாள். இப்றாஹீம் தட்டின் மறுபக்கத்திலிருந்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், இந்த முறை எதற்கும் ஓம் சொல்லவில்லை.

அறைக்குத் திரும்பி வரும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது, அதை மறைப்பானேன். எங்கள் அப்பாவின் தோட்டம் மூன்று அண்ணன்மாருக்கும் பிரிந்தபோது நான் அதே வீட்டில் எல்லோருக்கும் காபி கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கும் ஒரு வார்த்தை உண்டா என்று யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. இங்கே ஒரு பெண் விளக்குமாற்றோடு வந்து என் கோட்டை அழிக்கிறார், ஊரே அது நியாயம்தான் என்கிறது. அந்த மூலையை எடுத்துக்கொள்ள எனக்கு மனமே வரவில்லை. ஆனால் மனம் வரவில்லை என்று எழுதிக் கொடுத்தால் பேட்டைக்குப் பணம் போடும் கொழும்பு முதலாளிமார் ஏற்றுக்கொள்ள மாட்டார்களே.

அதற்கு மழைதான் வழி காட்டியது. மாரி காலம் என்று நஸீர் முன்பே சொல்லியிருந்தார், நான் எங்கள் ஊர் மழையை மனதில் வைத்துச் சரி சரி என்றிருந்தேன். விடியற்காலையில் தொடங்கியது. ஆட்டோ முகாம் வாசலுக்கு முன்பே பள்ளத்தில் நின்றுவிட்டது. நானும் நஸீரும் இறங்கித் தள்ளினோம், ஓட்டுநர் உள்ளே இருந்தபடியே உற்சாகப்படுத்தினார். என் ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. மற்றதையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

கீழ் மூலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். முகாமின் தண்ணீரெல்லாம் அங்கே வந்து தேங்கி, வரப்பைத் தாண்டி வயல் வாய்க்காலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. என் தொட்டி அங்கே இருந்திருந்தால் சாயத்தண்ணீர் முழுக்கப் பச்சை நெல்லுக்குள் போயிருக்கும். எங்கள் ஊர் ஆறு அப்படித்தான் நிறம் மாறியது, அதைச் சரி செய்யும் தொழிலில்தான் நான் சோறு தின்கிறேன். தாழ்வான இடம் கிடைத்த மகிழ்ச்சியில் மாரி மழையைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தேன். வீடு மட்டும் உயரமான அடித்தளத்தில், தரை நனைந்ததைத் தவிர ஒன்றும் ஆகாமல் நின்றது.

அன்று முழுக்க ஈரத் துணியோடு உட்கார்ந்து புதிதாக வரைந்தேன். தொட்டி மேட்டுக்குப் போனது, ஹெலிகாப்டர் தளத்தின் மேல். கான்கிரீட் ஏற்கெனவே இருக்கிறது, வெள்ளம் ஏறாது. ஆனால் தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் வேண்டும். நஸீர் போனை ஸ்பீக்கரில் போட்டார். கொழும்பு முதலாளிகளில் ஒருவர் கரண்ட் செலவை யார் கட்டுவது என்று கேட்டார், இன்னொருவர் வீட்டுக்காரருக்காகத் திட்டத்தை மாற்றுகிறீர்களா என்று கேட்டார். "வயலுக்காக மாற்றுகிறேன். மழையில் இந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றேன். வயலுக்காக என்றது பாதி உண்மை. மற்றப் பாதியை அவர்களிடம் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று ஒன்றுமில்லை.

பதில் வர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் பரீதா ஒன்றும் கேட்கவில்லை, காலையில் இடியப்பமும் மாலையில் பால் தேத்தண்ணியும் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார். அது எனக்குக் கேள்வியை விடக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் நஸீர் மோட்டார் சைக்கிளை நிறுத்தக்கூடப் பொறுமையில்லாமல் கத்திக்கொண்டே வந்தார். "சரியாம் மிஸ்! தொட்டி மேலதான். வேலிய உள்ளுக்கு வளைச்சு, அந்த வீட்ட வெளிய உடுறாங்க!" நான் சாலையென்றும் பாராமல் அவர் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தேன்.

நான் புறப்பட வேண்டிய நாள் காலையில் பரீதா பால் காய்ச்சினார். கூரை போட்ட பிறகு காய்ச்சலாமே என்று அவருடைய தங்கை சொன்னதற்கு, "கூர பொறகு வரும், முதல்ல அடுப்பு எரியட்டும்" என்றாராம். கறுத்த சுவருக்குள், கழுவித் துடைத்த சிவப்புத் தரையில் மூன்று கல் வைத்து, புது மண்சட்டியில் பால் ஏற்றியிருந்தார்கள். மழை விட்டு வெயில் நேராக வீட்டுக்குள் விழுந்துகொண்டிருந்தது. தங்கையும் நஸீரும் நானும் சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தோம். ஷிப்னா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

பால் பொங்கும் நேரத்துக்கு இப்றாஹீம் வந்தார். ஒரு கையில் சீனிப் பை, மறு கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நிலையும் கதவும் இல்லாத வாசல் இடைவெளிக்கு முன்னால் செருப்பைக் கழற்றினார். பரீதா திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"ஆரிட வீட்டுக்கு வாறீங்க?"

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்றாஹீம் நிமிர்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை போல, "உங்கட வீட்டுக்குத்தான்" என்றார்.

"என்ட வீடு இல்ல. இண்டையில இருந்து மகள்ட வீடு. அவளிட்டக் கேளுங்க."

சொல்லி முடித்ததும் பரீதா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகை என்றார். அடுப்பில் புகையே இல்லை. ஷிப்னா எழுந்து நின்றாள், அவளுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இப்றாஹீம் சுற்றிலும் சுவர் மட்டும் இருந்த அந்த வீட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு மகளைப் பார்த்து, விளையாட்டே இல்லாத குரலில் கேட்டார்.

"மகள், வாப்பா உள்ளுக்கு வரட்டா?"

"வாங்க வாப்பா."

அவர் பிஸ்மி சொல்லி வலது காலை எடுத்து வைத்தார்.